முதல் பந்தியா, ரெண்டாம் பந்தியா: ராயபுரத்திலிருந்து பினாங்கு வரை ஒரு சாப்பாட்டுப் பஞ்சாயத்து

கிளம்ப 5 நாள் இருக்கிறது, ராயபுரம்

கப்பலில் எந்த மாடி, ஜன்னல் வைத்த அறையா வைக்காத அறையா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கையில் இருக்கிற காசுக்கு ஜன்னல் வைக்காத அறைதான், அதில் பேச ஒன்றும் இல்லை. மூன்று ராத்திரியாக வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது ராத்திரி சாப்பாட்டுப் பஞ்சாயத்து.

பையனுக்குக் காலாண்டு லீவு. சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை ஏறி, சனிக்கிழமை பினாங்கு, ஞாயிறு முழுக்கக் கடல், திங்கள் காலை மறுபடியும் சிங்கப்பூர். மூன்று ராத்திரி, மூன்று சாப்பாடு. போகிறவர்கள் ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கிற பையன், மாமனார், மாமியார். பதிவு பண்ணும்போதே கப்பல்காரர்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் சாயங்காலம் 5.30-க்குச் சாப்பிடுகிறீர்களா, ராத்திரி 8 மணிக்கா, இல்லை 5.45-லிருந்து 9-க்குள் உங்கள் இஷ்டமா?

முதல் இரண்டில் ஒன்றை எடுத்தால் மூன்று ராத்திரியும் அதே நேரம், அதே மேஜை, பரிமாறுகிறவரும் அதே ஆள். மேஜை நம்பர் அறைக்கதவைத் திறக்கிற கார்டிலேயே அச்சாகி வந்துவிடும். மூன்றாவதை எடுத்தால் கப்பலின் ஆப்பில் அன்றன்றைக்கு ஒரு நேரம் பிடித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வாசலில் போய் நின்று இடம் கிடைக்கும்போது உட்காரலாம். மேஜையும் ஆளும் தினம் தினம் மாறும். சமையல் ஒன்றுதான், மெனு ஒன்றுதான், டிக்கெட் காசிலும் வித்தியாசம் இல்லை. இது எதுவுமே வேண்டாம் என்றால் மேல்மாடியில் தட்டை எடுத்துக்கொண்டு போய் நாமே போட்டுக்கொள்கிற பஃபே இருக்கிறது, அதற்கும் தனிக் காசு கிடையாது. தனிக் காசு கொடுத்துச் சாப்பிடுகிற ஓட்டல்களும் உள்ளே இருக்கின்றன, அந்தப் பக்கம் நாங்கள் போவதாக இல்லை.

இதை நான் படித்துச் சொல்லி முடிக்கும்முன் மாமா கேட்டார்: "இன்னாம்மா இது, பந்திதானே? மொதல் பந்தி, ரெண்டாம் பந்தி."

அதேதான். மூவாயிரம் பேரை ஏற்றுகிற கப்பலில் மூவாயிரம் நாற்காலி போடக் கூடம் பத்தாது. அதனால் பாதிப் பேரை முதலில் உட்கார வைத்து, எழுப்பி, துடைத்து, மேஜை விரிப்பை மாற்றி, அடுத்த பாதியை உட்கார வைக்கிறார்கள். நம்ம கல்மண்டபம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் சாப்பிடுகிறவர் நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொண்டு அடுத்த ஆள் நிற்பாரே, அது ஒன்றுதான் கப்பலில் கிடையாது. பயணக் கப்பல்களில் ரொம்ப காலம் இந்த ஏற்பாடு மட்டும்தான் இருந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் நார்வேஜியன் கம்பெனி, நேரமும் வேண்டாம், குறித்த மேஜையும் வேண்டாம், வரும்போது வா என்று ஆரம்பித்தது. அப்புறம் மற்ற பெரிய கம்பெனிகளும் ஒவ்வொன்றாக ஒவ்வொரு பெயர் வைத்து அதையும் சேர்த்துக்கொண்டன.

மாமாவுக்கு முதல் பந்திதான். காரணம் கேட்டால், "மொதல் பந்தியில வட சூடா இருக்கும், பாயசத்துல முந்திரி இருக்கும், ரெண்டாம் பந்திக்கு ரசத்தத்தான் நீட்டுவான்." கப்பலில் வடையும் இல்லை பாயசமும் இல்லை என்று சொன்னால் அது வேறு பேச்சாம். மாமா ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷத்துக்கு மேல் மூன்று ஷிஃப்ட்டில் மாறி மாறிச் சாப்பிட்டு, இனிமேலாவது நேரத்துக்குச் சோறு என்று வைராக்கியம் வைத்திருக்கிறார். போதாததற்குச் சுகர். ராத்திரி 7 மணிக்கு மாத்திரை, 7.30-க்குத் தட்டு முன்னால் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் சமையலறைப் பக்கம் ஒரு இருமல் வரும்.

பையனுக்கு 'இஷ்டப்பட்ட நேரம்'. நீச்சல் குளம், ஏறுகிற சுவர், இன்னும் என்னென்னவோ. அத்தைக்கு நேரம் ஒரு பொருட்டே இல்லை. புரட்டாசி மாசம், கவிச்சி படாத சட்டியில் சமைப்பார்களா என்பது ஒன்றுதான் அவர் கேள்வி. வீட்டுக்காரர் வழக்கம்போல, நீங்கள் எல்லோரும் பேசி முடிவு பண்ணி எனக்குச் சொல்லுங்கள் என்று படுத்துவிட்டார்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே சாயங்காலம் 5.30 என்றால் ராயபுரத்தில் மதியம் 3 மணி. மதியச் சாப்பாடு தொண்டையை விட்டே இறங்கியிருக்காது. ரெண்டாம் பந்தி 8 மணி என்றால் இங்கே 5.30, டீயும் பஜ்ஜியும் சாப்பிடுகிற நேரம். மாமாவின் 7.30 அங்கே ராத்திரி 10 மணி, கூடத்தையே பூட்டியிருப்பார்கள். ஒரு மாசம் சுற்றுகிறவர்களுக்கு வயிறு தானாகப் பழகிவிடும். நாங்கள் போவது மூன்று ராத்திரிக்கு, வயிறு ராயபுரத்திலேயேதான் இருக்கப் போகிறது.

அதைச் சொல்லித்தான் இஷ்டப்பட்ட நேரத்தை டிக் செய்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது சம்மதம் கிடையாது என்பது இந்த வீட்டுக்கு வந்த பதினாறு வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாள் 1, வெள்ளி

ராத்திரி விமானம். தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் நேரே ஏர்போர்ட்டில் இறங்கலாம், வண்டி மாற வேண்டியதே இல்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் நீட்டிய பிறகுதான் நமக்கு இந்தச் சுகம். அதற்கு முன்னால் ராயபுரத்திலிருந்து மீனம்பாக்கம் போவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே கிளம்ப வேண்டும், ஆட்டோக்காரரிடம் தனியாக ஒரு பஞ்சாயத்து பண்ண வேண்டும். ஐந்து பேர், நான்கு பெட்டி, ஒரு கட்டைப்பை. கட்டைப்பையில் என்ன என்று கேட்காதீர்கள், புளியோதரையும் தேன் மிட்டாயும்.

ஒரு விஷயம் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் விசா ஒரே ஒரு தடவை நுழைகிற மாதிரி இருந்தால் இந்தப் பயணத்துக்கு உதவாது. கப்பலில் வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிறோம் இல்லையா, அதனால் பலமுறை நுழைகிற விசாவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை இறங்கி, முகம் கழுவி, பெட்டியைக் கொடுத்து, கப்பல் முனையத்தில் வரிசை வரிசையாக நின்று ஏறும்போது மதியம் ஆகிவிட்டது. கப்பலை அண்ணாந்து பார்த்துவிட்டு மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சிதம்பரம் கப்பலைப் பற்றி ஆரம்பித்தார். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸுக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம், 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அதன் ஓட்டம் முடிந்தது. டிரங்குப் பெட்டியும் கோரைப் பாயுமாக ஜனங்கள் அதில் ஏறுவதை மேலே கிரேனில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாராம். அதற்கு முந்தின ரஜுலா கப்பலைப் பற்றி அவர் அப்பா சொல்லிக் கேட்டதுதான். "நாம அந்தாண்ட நின்னு பார்த்த ஆளு. இப்ப இந்தாண்ட."

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் பண்ணின தப்பு இரண்டு.

ஒன்று, ஏறினவுடனே ஆப்பில் நேரம் பிடித்திருக்க வேண்டும். கப்பலின் ஆப்புக்குக் காசு கட்டி இணையம் வாங்க வேண்டியதில்லை, உள்ளே இருக்கிற வைஃபையே போதும். இது எனக்குத் தெரியாது. ஏறினதும் எல்லோரும் போலவே பஃபேக்கு ஓடி, வெறும் வயிற்றோடு வந்த ஜனம் மாதிரி தட்டை நிரப்பி, பையன் மூன்று விதமான கேக்கை ஒரே தட்டில் அடுக்கி, அதிலேயே நாலு மணி ஆகிவிட்டது. அப்புறம் உயிர்காப்புப் பயிற்சி, அப்புறம் கப்பல் நகர்கிறதை மேல்மாடியில் நின்று பார்ப்பது.

இரண்டாவது, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பொறுப்பான தலைமைப் பரிமாறுநர் முதல் நாள் மதியமே கூடத்து வாசலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். நேரம் மாற்ற வேண்டும், வேறு மேஜை வேண்டும், முட்டை கூடாது, வேர்க்கடலை ஆகாது, ஜைன சாப்பாடு, எதுவாக இருந்தாலும் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அந்தப் பக்கமாகவே இரண்டு தடவை நடந்து போனோம். யாரோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

கப்பல் மணிக்கு 7 ஆனதும் மாமா அறையிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நாங்கள் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது 7.15. பார்த்தால் வாசலில் இரண்டு வரிசை. ஒன்று நேரம் பிடித்து வைத்தவர்களுக்கு, அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. இன்னொன்று நம்மை மாதிரி வந்தவர்களுக்கு, லிஃப்ட் வரைக்கும் நீண்டிருந்தது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு பேராக வருகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உள்ளே விடுகிறார்கள், ஐந்து பேர் என்றதும் பெரிய மேஜை காலியாகும்வரை நில்லுங்கள் என்கிறார்கள். பின்னால் வந்த ஜோடிகள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"துட்டும் குடுத்துட்டு லைன்லயும் நிக்கணுமா?" என்றார் மாமா. முதல் தடவை கிண்டலாகச் சொன்னார். 7.35-க்கு இரண்டாவது தடவை சொன்னபோது குரல் வேறு மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வரிசைக்குக் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார், கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு ஏசியிலும் மேலுதட்டில் வேர்வை. ஒரு விநாடி எனக்குக் கப்பல் ஆடுகிறதோ என்றுதான் தோன்றியது. அவர் கை.

கைப்பையில் தேன் மிட்டாய் பாக்கெட் இருந்தது. கடித்துப் பிரித்து இரண்டை அவர் வாயில் போட்டேன். பையன் சொல்லாமலேயே மேல்மாடி பஃபேக்கு ஓடி ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்தான், பாதி படிக்கட்டில் சிந்தியிருந்தது. வாசலில் நின்ற பெண் பார்த்துவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அடுத்த ஐந்து நிமிடத்தில் உள்ளே மேஜையும் கிடைத்தது. முன்னாலேயே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் முன்னாலேயே கிடைத்திருக்கும். நம்ம ஊரில் வரிசையில் முந்துவதற்கு ஆயிரம் பேர் ஆயிரம் காரணம் சொல்வார்கள், அதனாலேயே நிஜமான காரணம் இருக்கிறவர்கள் சொல்லக் கூச்சப்படுகிறோம்.

சூப் வந்ததும் மாமாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் அன்றைக்கு எதுவும் இறங்கவில்லை. அத்தைக்குப் பருப்பும் சப்பாத்தியும் சாதமும் எப்படியோ வந்து சேர்ந்தன. கடைசியில் இனிப்பு என்று ஒரு கேக் துண்டு. அத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். "முட்டை." பரிமாறின தம்பி பாலித் தீவுக்காரர். என்ன குற்றம் என்று புரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பையன் ஆங்கிலத்தில் விளக்கினான், அத்தை தமிழிலேயே விளக்கினார்.

சாப்பிட்டு முடித்ததும் நான் மட்டும் தலைமைப் பரிமாறுநரைத் தேடிப் போனேன். கோவாக்காரர். ஐந்தரைப் பந்திக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார்: "நாளைக்குச் சாயங்காலம் 5.30-க்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?"

பினாங்கில். கப்பல் அங்கே சேர்வதே மதியம் 2.30. திரும்பக் கிளம்புவது ராத்திரி 10.30. யோசிக்கவே இல்லை.

அவர் சொன்ன வழி இது. இஷ்டப்பட்ட நேரத்திலேயே இருங்கள், நாளைக்குச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு இப்பவே 6.45-க்குப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்றைக்குப் பரிமாறின ஆளின் மேஜையிலேயே போடச் சொல்லி எழுதிவைக்கிறேன். ஒரு வாரம், பத்து நாள் போகிறவர்கள் இதையே தினமும் ஒரே நேரத்துக்குச் செய்துகொள்வார்களாம். அத்தைக்கு ஞாயிறு என்ன வேண்டும் என்பதையும் அப்பவே கேட்டு எழுதிக்கொண்டார். இந்தியச் சமையல் வேண்டுமென்றால் முந்தின ராத்திரியே சொல்லிவிட வேண்டுமாம், அவர்களுக்கும் மசாலாவை எடுத்துவைக்க நேரம் வேண்டாமா.

ஒரு இருபது நிமிடம் இந்த மனிதரிடம் மதியம் பேசியிருந்தால் போதும். சரி.

நாள் 2, சனி, பினாங்கு

நாஷ்டா பஃபேயில். மாமா இதை நாஷ்டா என்றுதான் சொல்வார், ராயபுரத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். காலைச் சாப்பாட்டுக்கு நேரப் பிரச்சினையே இல்லை, ராத்திரிக்குத்தான் இத்தனை கூத்தும்.

இன்றைக்குப் புரட்டாசிச் சனி. அத்தைக்கு மனசு கேட்கவில்லை, வீட்டில் இருந்தால் தளிகை போட்டிருப்பார். போன சனிக்கிழமையே போட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று நூறாவது தடவை சமாதானம் சொன்னேன்.

பினாங்கில் இறங்கும் துறையிலிருந்து ஊருக்குள் பத்து நிமிட நடை. ஊர் பெயர் ஜார்ஜ் டவுன். நாங்களும் ஜார்ஜ் டவுன்காரர்கள்தான், வேலை பார்ப்பது சென்னை ஜார்ஜ் டவுனில். மண்ணடியிலிருந்து பாரிமுனை வரைக்கும் தினமும் நடக்கிறவள் நான். நம்மது 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் பட்டம் சூட்டியபோது வந்த பெயர், அதுவரைக்கும் கறுப்பர் நகரம். இவர்களுடையது அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முந்தியது, மூன்றாம் ஜார்ஜ் பெயரில். அங்கே அது 2008-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். இங்கே நம்ம ஜார்ஜ் டவுனில் நடக்க நடைபாதை கிடைத்தால் போதும்.

குட்டி இந்தியா என்கிற தெருக்களில் நுழைந்ததும் அத்தைக்கு வேறு ஊர் என்பதே மறந்துவிட்டது. பூக்கடை, பாத்திரக்கடை, தமிழில் எழுதின போர்டு. குயின் தெருவில் 1833-ஆம் வருஷத்து மாரியம்மன் கோயில். உள்ளே உட்கார்ந்து அத்தை எழுந்திருக்கவே மணி ஆறு. ஐந்தரைப் பந்தி இந்நேரம் அங்கே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் வாழை இலை போட்ட சைவக் கடை ஒன்றில் அத்தைக்குச் சாம்பார், ரசம், அப்பளம், பாயசம். புரட்டாசிச் சனி காப்பாற்றப்பட்டது. மாமா அங்கே மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், இலையில் சாதம் விழுந்த பிறகுதான் வெளியே எடுத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. (அவருடைய டாக்டரிடம் நேற்று ராத்திரியே வாட்ஸப்பில் கேட்டுவிட்டேன், இந்த மாத்திரைக்கு அப்படிச் செய்யலாம் என்றார். உங்கள் மாத்திரைக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.)

பையனும் அப்பாவும் தனியாகப் போய் நாசி கந்தர் சாப்பிட்டு வந்தார்கள். சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுகிற சாப்பாடு. தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி மாதிரிக் கம்பு வைத்து இரண்டு பக்கமும் பானை தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்குத் தூக்கிக்கொண்டுபோய் விற்றது, அந்தக் கம்பிலிருந்து வந்ததுதான் கந்தர் என்கிற பெயர். இதைக் கேட்டு மாமாவுக்கு ஒரே சந்தோஷம். ஹார்பர் வேலைக்காரனுக்குச் சோறு எந்த ஊரிலும் தேடிக்கொண்டு வந்திருக்கிறது, அவன் போய் வரிசையில் நின்றதில்லை என்றார். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட அவர் வரிசையில் நின்ற கதை எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஒன்பது மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். லிஃப்டில் எதிர் அறை கோயம்புத்தூர்க் குடும்பம். அவர்கள் ஐந்தரைப் பந்தி எடுத்தவர்கள். சின்னக் குழந்தைகள் இரண்டு. நேற்று அவர்களுக்கு அமிர்தமாக இருந்திருக்கிறது: வரிசை இல்லை, குழந்தைகளுக்கு முதலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், ஏழு மணிக்கெல்லாம் முடிந்து தூங்கப் பண்ணியாயிற்று. இன்றைக்கு அந்தப் பந்திக்காகவே ஊரை ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு ஓடி வந்தார்களாம். "கோயிலுக்குள்ளயே போகலீங்க, வெளியவே கும்பிட்டுட்டு வந்துட்டோம்" என்றார் அந்த அம்மா. வராவிட்டால் யாரும் அபராதம் போடப் போவதில்லை, பஃபேயில் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் நம் பெயர் போட்ட மேஜை காலியாகக் கிடக்கும் என்று நினைத்தாலே நம்மவர்களுக்குக் காசு வீணாகிற மாதிரி இருக்கும், அது எனக்குப் புரிகிறது.

நாள் 3, ஞாயிறு, கடல்

நாள் முழுக்கத் தண்ணீர். எழுத அதிகம் இல்லை. பையன் சுவர் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். வீட்டுக்காரர் தூங்கினார். ஜன்னல் இல்லாத அறையில் தூக்கம் அபாரம், விளக்கை அணைத்தால் பகல் எது ராத்திரி எது என்று தெரியாது.

சாயங்காலம் கொஞ்சம் நன்றாக உடுத்திக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அரை டவுசர் கூடாது. மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. விடுவார்களா என்று எனக்கு உள்ளூர உதறல். வாசலில் இருந்த பெண் வழி விட்டது மட்டுமில்லாமல், கூட நின்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

6.45. நேரம் பிடித்தவர்கள் வரிசையில் எங்களுக்கு முன்னால் மூன்றே பேர். இரண்டு நிமிடத்தில் உள்ளே. முதல் நாள் ராத்திரி உட்கார்ந்த அதே மேஜை, அதே பாலித் தம்பி. மாமா நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்காமலேயே ரொட்டிக் கூடையை நேரே மாமா முன்னால் கொண்டுவந்து வைத்தார், மற்றவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினது அதற்கு அப்புறம்தான். வெள்ளிக்கிழமை நாற்காலி போட்டுக் கூட்டி வந்ததை மறக்கவில்லை. அத்தைக்குச் சொல்லிவைத்த பருப்பு, உருளைக்கிழங்கு, சூடான பூரி. கடைசியில் எங்களுக்கெல்லாம் கேக் வந்தது. அத்தை முன்னால் மட்டும் ஒரு தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார், பப்பாளிப் பழமும் தர்பூசணியும் பூ மாதிரி நறுக்கி அடுக்கியிருந்தது. வைத்துவிட்டு, "முத்தை இல்லே" என்றார். எங்கள் மேஜையே சிரித்ததில் பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது. அத்தைக்கு அந்தத் தம்பியை ராயபுரத்துக்கே கூட்டிப் போய்விடலாம் என்று இருந்தது.

ஒரே ஆள் பரிமாறுவதில் இருக்கிற விஷயமே இதுதான். இது மூன்று நாளில் இரண்டு வேளையில் நடந்தது. ஒரு வாரம் போகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்காகவே குறித்த பந்தியை விடாமல் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே சமயம் ஐந்தரைப் பந்தியில் கொஞ்சம் விரட்டல் இருக்கும், எட்டு மணிக்கு அந்த மேஜையையே அவர்கள் அடுத்த பந்திக்குத் தயார் பண்ணியாக வேண்டும். எட்டு மணிப் பந்தி இழுத்துக்கொண்டு பத்து வரைக்கும் போகும், விரட்ட ஆள் கிடையாது, குழந்தைகள் மேஜையிலேயே தூங்கிவிடும். நாடகக் கொட்டகைக் காட்சி நேரமும் இரண்டு பந்தியையும் கணக்கில் வைத்துத்தான் இருக்கிறது. முதல் பந்திக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு 9 மணிக் காட்சி, ரெண்டாம் பந்திக்காரர்கள் 7 மணிக் காட்சி பார்த்துவிட்டுச் சாப்பாடு. இஷ்டப்பட்ட நேரக்காரர்கள் எதற்கும் சேராமல் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை 7.15-க்கு அவ்வளவு வரிசை ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. ஒன்பது மணிக் காட்சிக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கையே எல்லோரும் போட்டிருக்கிறார்கள். கோவாக்காரர் 6.45 என்று சொன்னதும் அதனால்தான்.

மறுபடியும் போனால் எது எடுப்பேன் என்று வீட்டுக்காரர் கேட்டார். தினமும் ஊர் ஊராக இறங்குகிற பயணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இஷ்டப்பட்ட நேரம், ஆனால் ஏறினவுடன் மூன்று நாளுக்கும் ஆப்பில் பிடித்துவிட்டுத்தான் பஃபே பக்கம் கால் வைப்பேன். கடல் நாட்கள் அதிகம் என்றால் மாமாவுக்காக முதல் பந்தி. எட்டு மணிப் பந்தி எங்கள் வீட்டுக்கு எந்தக் கணக்கிலும் ஒத்துவராது.

ராத்திரி கணக்குச் சீட்டு வந்தது. சேவைக் கட்டணம் என்று ஒரு நாளைக்குத் தலைக்குப் பதினெட்டு டாலர் சொச்சம், ஐந்து பேருக்கு மூன்று நாளுக்கு 270 டாலருக்கு மேல். பதிவு பண்ணும்போது சின்ன எழுத்தில் இருந்ததுதான், யார் படித்தது? முன்னெல்லாம் கடைசி ராத்திரி பரிமாறினவர் கையில் உறை போட்டுக் கொடுப்பது வழக்கமாம், தினம் ஒரு ஆள் மாறினால் யாருக்கு உறை கொடுப்பது, அதனால் இப்போது எல்லோர் கணக்கிலும் தானாகவே ஏறிவிடுகிறது. மாமா அதையெல்லாம் காதில் வாங்காமல் பாலித் தம்பி கையில் தனியாக ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைத் திணித்துவிட்டார். அதை அவர் எங்கே மாற்றுவார் என்று தெரியவில்லை.

நாள் 5, செவ்வாய், ராயபுரம்

நேற்று ராத்திரி வீடு வந்தோம். கதவைத் திறந்தால் தரையில் கரண்ட் பில்லும் ஒரு கல்யாணப் பத்திரிகையும். மாமாவோடு ஹார்பரில் வேலை பார்த்தவரின் பேத்திக்கு, வருகிற ஐப்பசியில், தண்டையார்பேட்டையில் மண்டபம். வரவேற்பு மாலை 7 மணி முதல் என்று போட்டிருந்தது.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஆறரைக்கே போய்டணும்மா" என்றார்.